லெ மான்ஸ் ப்ளூ அடித்த 1969 கமாரோ: பெயின்ட்டில் குறையில்லை, அந்த ஒரு சாண் கோட்டைத் தவிர

"எந்தக் கம்பெனி பெயின்ட் அடிச்சீங்க?" 1969 கமாரோவை (ஜிஎம், அதாவது ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே கார்) மொத்தமாகப் பிரித்து ரெஸ்டோர் செய்யப் போகும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. என் வண்டியின் நிறக் குறியீட்டு எண் 71, லெ மான்ஸ் ப்ளூ மெட்டாலிக். நிறம் தரும் பேஸ் கோட், அதன் மேல் டூ-கே கிளியர், அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமில்லாத மேல்பூச்சு. சில கோடைகள், சில குளிர்காலங்கள் தாண்டிய பிறகு எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பெரிய கம்பெனி எதுவானாலும் இந்த வண்டியில் ஒன்றுதான். கூரையும் பின்பக்கக் குவார்ட்டர் பேனலும் (பின் சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) சேரும் இடத்தில் இருக்கிற ஈயத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நியாயமாக நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறம் அசத்தல். நிழலில் கருநீலமாக அடங்கிக் கிடக்கும், வெயிலுக்கு வந்ததும் பின் ஃபெண்டர் வளைவில் மெட்டாலிக் துகள் முழுக்க எழும்பும். ஜிஎம் அந்தக் காலத்தில் அடித்தது அக்ரிலிக் லாக்கர். சூடேற்றினால் மறுபடி இளகி ஓடும் ரகம். அதனால் ஃபேக்டரியில் பேக் செய்து, உப்புத்தாள் போட்டு, திரும்ப பேக் செய்து கீறல்களை மறைய வைத்தார்கள். பார்க்க அழகு, ஆனால் வருடா வருடம் பாலிஷ் கேட்கும். குளிரும் வெயிலும் மாறி மாறி அடித்தால் வெடிப்பு விடும். இப்போதைய யூரித்தேன் கிளியர் ஹார்டனரோடு வினை புரிந்து இறுகுவது. பெட்ரோல் சிந்தினால் துடைத்துவிட்டுப் போகலாம். பறவை எச்சத்தை அன்றைக்கே கழுவினால் தடம் நிற்காது. பளபளப்பு இன்றைக்கும் முதல் நாள் போலவே இருக்கிறது. இதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

இனி கோடு.

செயில் பேனல் என்கிறார்களே, பின் கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவில் கூரை இறங்கி வரும் சி பில்லர் பகுதி, அங்கே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு. நேர் வெயிலில் தெரியாது. மாலையில் வெளிச்சம் சாய்ந்து விழும்போது, அதுவும் வண்டி நாள் முழுக்க வெளியே நின்று தகடு சூடேறியிருந்தால், டியூப் லைட்டின் பிம்பம் போகிற வழியில் ஒரு இடத்தில் லேசாக உடைந்து தெரியும். விரல் நுனிக்கு ஒன்றும் தட்டாது. நகத்தை வைத்து மெதுவாக இழுத்தால் ஒரு சின்ன ஏற்றம். காலையில் குளிர்ந்த தகட்டில் பாருங்கள், காணாமல் போயிருக்கும். பதினாயிரம் டாலருக்கு மேல் விழுங்கிய பெயின்ட் வேலையில் இது ஒன்றுதான் கண்ணுக்குப் படுகிறது. மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஓனருக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

காரணம் எளிது. அந்த இடத்தில் கூரைத் தகடும் குவார்ட்டர் தகடும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து ஸ்பாட் வெல்டில் நிற்கின்றன. அந்தப் பள்ளத்தை ஃபேக்டரியில் ஈயம் ஊற்றி, மரத் துடுப்பால் தடவி, அரத்தால் ராவி மட்டமாக்கினார்கள். பாடி சால்டர் பொதுவாக 70 பங்கு ஈயம், 30 பங்கு வெள்ளீயம். 183 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பித்து 255 வாக்கில்தான் முழுக்க உருகும். நடுவில் களிமண் பதத்தில் நிற்பதால்தான் செங்குத்துத் தகட்டிலும் தடவ முடிந்தது. கஷ்டம் எங்கே என்றால், ஒரு டிகிரி சூட்டுக்கு இரும்பு பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும், ஈயம் 29 பங்கு நீளும். பள்ளம் நிரப்பப் பூசும் பாலியஸ்டர் பட்டி அதையும் தாண்டும். கருநீல வண்டி கோடை வெயிலில் நின்றால் தகடு கை வைக்க முடியாத சூட்டுக்குப் போய்விடும். மூன்று பொருளும் மூன்று விதமாக விரிந்தால் மேலே இருக்கிற கிளியர் கண்ணாடி மாதிரி அதை அப்படியே காட்டிக்கொடுக்கும். லாக்கர் காலத்தில் பளபளப்பும் குறைவு, ஆரஞ்சுத் தோல் சொரசொரப்பும் அதிகம், அதனால் யாரும் கவனிக்கவில்லை. நாம்தான் 3000 நம்பர் வரை தேய்த்துக் கண்ணாடியாக்கிவிட்டு, பிறகு உட்கார்ந்து புலம்புகிறோம்.

இரண்டாவது காரணம் ரசாயனம். ஈயம் பிடிக்கத் தகட்டில் முதலில் தடவுவது துத்தநாகக் குளோரைடு கலந்த ஆசிட் ஃப்ளக்ஸ். பழைய ஈயத்தை அரைகுறையாகச் சுரண்டி, மிச்சத்தின் மேல் நேராகப் பட்டி பார்த்தால் இடுக்கில் கிடக்கும் ஃப்ளக்ஸ் மெதுவாக வேலையைக் காட்டும். முதலில் கோடு, பிறகு சின்னக் கொப்புளம், கடைசியில் பட்டி விளிம்பில் விட்டுக்கொள்ளும். வண்டிக்கு வேலை செய்த பாடி ஷாப் செய்தது இதைத்தான். மற்ற எல்லா வேலையும் சுத்தம், ஃபெண்டர் கேப் எல்லாம் அளந்து வைத்த மாதிரி. இந்த ஒரு இடத்தில் மட்டும் அவசரம்.

கோடு தெரிந்தவுடன் ஈயத்தைத் திட்டிவிடாதீர்கள். வேறு காரணங்களும் உண்டு, பார்த்தாலே பிரித்துவிடலாம். நேர்கோடாக, சூட்டில் தெரிந்து குளிரில் மறைந்தால் ஸீம், அதாவது தகடுகள் சேரும் இணைப்பு, அசைகிறது. வட்டமாகவோ தீவு மாதிரியோ இருந்து எப்போதும் அப்படியே நின்றால், பட்டியின் விளிம்போ பழைய பெயின்ட் விளிம்போ பிரைமருக்குள் அமுங்கியிருக்கிறது. வைக்கோல் கிழித்தது போல நிறைய மெல்லிய கீறல் தெரிந்தால் 80 நம்பர் உப்புத்தாள் தடத்தின் மேல் நேராக ஹை-பில்ட் பிரைமர் (மேடு பள்ளத்தை நிரப்பும் கனமான அடிப்பூச்சு) போயிருக்கிறது. பின்னால் சொன்ன இரண்டும் காய விடாததால் வருவது. ஒரு கோட்டிங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 10, 15 நிமிடம் விடாமல் அடுக்கினால் தின்னர் அடியில் மாட்டிக்கொள்ளும், மாதக்கணக்கில் வெளியேறும், வெளியேற வெளியேற மேற்பரப்பு சுருங்கும். இதற்கு மருந்து பொறுமை மட்டும்தான். ஹை-பில்ட் அடித்து கட்டையில் உப்புத்தாள் சுற்றி முதல் முறை தேய்த்து முடித்ததும் வண்டியைச் சில வாரம் வெயிலில் நிறுத்தி வையுங்கள். சுருங்க வேண்டியது சுருங்கட்டும். பிறகு மேடு பள்ளத்தைக் காட்டும் கைடு கோட் தூவி 320, 400, 600 என்று நீளக் கட்டையில் மறுபடி தேய்க்கலாம். எந்த ஷாப்பும் இதை விரும்பாது, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்குமே.

ஸீமுக்குச் சரியான வேலை இப்படி. ப்ரொப்பேன் டார்ச்சில் ஈயத்தை இளக்கி, துணியாலும் கம்பி பிரஷ்ஷாலும் முழுக்க எடுக்க வேண்டும். கிரைண்டர் வைக்கவே கூடாது, ஈயத் தூசு நுரையீரலுக்குப் போகும். சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி ஃப்ளக்ஸை முறித்து, நல்ல தண்ணீரில் அலசி, காய வைத்து, வாக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர். அடுத்து அந்தப் படிவை மிக் வெல்டில் முழு நீளத்துக்கும் மூடுவது. ஒரே இழுப்பாக இழுத்தால் கூரை நெளியும். இன்ச்சுக்கு ஒரு டாக் (சின்னப் புள்ளி வெல்ட்), பக்கம் மாற்றி மாற்றி, கை வைக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே அடுத்தது. தகடு அசையாமல் ஆனதும் டூ-கே எபாக்ஸி பிரைமர். அதன் மேல், டேட்டா ஷீட் சொல்லும் கெடுவுக்குள், கண்ணாடி இழை கலந்த நீர் ஏறாத பட்டி முதலில் மெல்லிசாக, பிறகுதான் சாதாரணப் பட்டி. ஈயம் அசையாமல் திடமாக இருக்கிறது, எடுக்க மனமில்லை என்றால் அதை அரத்தால் சுத்தமாக்கி, ஃப்ளக்ஸை முறித்து, எபாக்ஸி அடித்து, அதன் மேல் பட்டி. ஈயத்தின் மேல் வெறும் பட்டி மட்டும் வேண்டாம். வினைல் கூரையோடு வந்த வண்டியென்றால் இன்னும் கவனம் தேவை. துணிக்கு அடியில் ஈரம் தங்கி, அலங்காரப் பட்டைக்கான ஆணிகளைச் சுற்றி ஊசித்துளைத் துரு இருக்கும்.

முடிந்து போன வண்டியில் இதைச் சரிசெய்ய என்ன ஆகும் என்பதுதான் எரிச்சலின் உச்சம். கோட்டை 1500 நம்பர் போட்டுத் தேய்த்துவிடலாமே என்று தோன்றும். தேய்க்கலாம், அடுத்த கோடையில் திரும்ப வரும், நடுவில் கிளியர் மெலிந்திருக்கும். ஒரு கோட்டிங் கிளியர் காய்ந்ததும் சுமார் 25, 30 மைக்ரான். இரண்டிலிருந்து மூன்று கோட்டிங் அடித்து, தேய்த்துப் பாலிஷ் போடும் கட் அண்ட் பஃப்பில் 25 மைக்ரான் வரை ஏற்கெனவே போயிருக்கும். மிச்சம் 50 மைக்ரானுக்குக் கீழே போனால் வெயில் தாங்காது. அளவுமானி இல்லாமல் யாரையும் அங்கே தேய்க்க விடாதீர்கள். ஒழுங்காகச் செய்வதென்றால் ஸீமைத் திறந்து, மெட்டாலிக் பேஸைக் குவார்ட்டரிலும் கூரையிலும் கரைத்துவிட்டு, கிளியரைப் பேனல் முடியும் இடம் வரை கொண்டு போக வேண்டும். கமாரோவில் கூரைக்கும் குவார்ட்டருக்கும் நடுவில் பேனல் முடிகிற இடமே கிடையாது. ஆக ஒரு சாண் கோட்டுக்காக இடது குவார்ட்டர், கூரை, வலது குவார்ட்டர் மூன்றையும் கிளியர் அடிக்க வேண்டும், பின் கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது தனி. பாதியில் பிளெண்டிங் தின்னர் போட்டு மங்க வைத்துத் தருகிறேன் என்பார்கள். அந்த ஓரம் சில வருடத்தில் உரியும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அளவு: கதவு இடுக்கு, பானெட் அடிப்பக்கம், டிக்கி எல்லாம் சேர்த்துப் பேஸ் கோட் ஒரு கேலன், ரெட்யூசர் (தின்னர்) கலக்கும் முன் உள்ள கணக்கு. கிளியர் ஒன்றரை கேலன் கையில் இருக்கட்டும். எல்லா டப்பாவையும் ஒரே பெரிய பாத்திரத்தில் கொட்டிக் கலந்துவிட வேண்டும், இல்லையென்றால் கதவு ஒரு நீலம், ஃபெண்டர் ஒரு நீலம். பேஸுக்கு 1.3 நாசில், ஆறிலிருந்து எட்டு இன்ச் தூரம். கடைசியில் டிராப் கோட் என்கிற மெல்லிய பூச்சை ஓரடி தள்ளிப் பிடித்துக் காற்றைக் குறைத்துத் தூவினால்தான் மெட்டாலிக் திட்டு விழாமல் சமமாகப் படுக்கும். பிரித்து அடிக்கும் ஃபெண்டர், கதவு எதையும் தரையில் கிடத்தாமல், வண்டியில் நிற்கிற வாக்கிலேயே தொங்கவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், துகள் படியும் திசை மாறினால் நிறமும் மாறும். டூ-கே ஹார்டனரில் மூச்சுக்கு ஆபத்தான ஐசோசயனேட் இருக்கிறது. வீட்டுக் கராஜில் கரித் தட்டு மாஸ்க்கோடு அடிக்கிறேன் என்பவர்கள் தயவுசெய்து வெளிக்காற்று வரும் மாஸ்க் வாங்குங்கள், அல்லது கிளியரை ஷாப்புக்கு விடுங்கள்.

தீர்ப்பு? பேஸ்-கிளியருக்குப் பத்துக்கு ஒன்பது போடுவேன். லெ மான்ஸ் ப்ளூவுக்குப் பத்துக்குப் பத்து. இத்தனையும் சொல்லிவிட்டு, இன்று மாலை வண்டியைத் துடைத்த மனநிலையில் பதில் சொல்வதென்றால்: நிறக் குறியீட்டு எண் 50, டோவர் வைட், கிளியர் தேவைப்படாத சிங்கிள் ஸ்டேஜ் அடியுங்கள். வெள்ளையில் சூடும் ஏறாது, கோடும் தெரியாது, மெட்டாலிக் திட்டும் கிடையாது, கல் பட்டால் வீட்டிலேயே தொட்டு மறைக்கலாம். நீலம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஷாப்பில் இரண்டு விஷயத்தை எழுதி வாங்குங்கள்: ஈயம் எடுத்ததும் வெறும் தகட்டில் ஒரு போட்டோ, வெல்ட் முடிந்து எபாக்ஸி போகும் முன் ஒரு போட்டோ, இரண்டு பக்கமும். தர மாட்டேன் என்கிற ஷாப்பில் வண்டியை விடாதீர்கள்.