எட்டு நாள் கோயில் சுற்றுலா: வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் திருநங்கைகளுக்கு

குழுச் சுற்றுலாவில் ஒரு திருநங்கைக்கு வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் முன்பணம் கட்டும் நாளிலேயே விதைக்கப்பட்டுவிடுகிறது. சென்னையில் ஏறி மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று போகும் பேருந்துச் சுற்றுலாக்களில் கட்டணத்தை 'இருவருக்கு ஓர் அறை' என்ற கணக்கில்தான் சொல்வார்கள். தனியாக வருபவரை யாரோடு சேர்ப்பது என்று முடிவு செய்பவர் அலுவலகத்தில் அறைப் பட்டியல் போடுபவர். அவர் கையில் இருப்பது கடவுச்சீட்டின் நகல் மட்டுமே. அதில் பாலினம் 'எம்' (ஆண்) என்றிருந்தால், முன்பின் தெரியாத ஓர் ஆணோடு அறை போட்டுவிடுவார். மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், அங்கே அடையாள ஆவணத்தில் பாலினத்தை மாற்றுவது அவ்வளவு கடினம். கனடாக் கடவுச்சீட்டில் 2019 முதல் ஆண், பெண் என்று குறிக்காத 'எக்ஸ்' உண்டு. ஆனால் அறைப் பட்டியலில் அதற்கென்று கட்டமே இருக்காது.

ஆகவே தனி அறைக்கு எவ்வளவு கூடுதல் என்று முதலிலேயே கேளுங்கள். 'ஏழு இரவும் தனி அறை' என்று ஊர் ஊராகக் குறித்து மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். 'பார்த்துக்கலாம் அக்கா' என்ற வாய்ச்சொல் அமாவாசை நாளில் ராமேஸ்வரத்தில் அறை கிடைக்காதபோது 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்று மாறிவிடும்.

அடுத்தது பெயர். விசா, விமானச் சீட்டு, விடுதி மூன்றிலும் கடவுச்சீட்டுப் பெயரே இருக்கட்டும், அங்கே விளையாடக் கூடாது. ஆனால் வழிகாட்டி தினமும் காலையில் பேருந்தில் நின்று பட்டியலைச் சத்தமாக வாசிப்பார். பழைய பெயர் நாற்பது பேர் காதில் விழுவது அப்போதுதான். இரண்டு பட்டியல் கேளுங்கள். விடுதிக்குக் கொடுப்பதில் கடவுச்சீட்டுப் பெயர், பேருந்தில் வாசிப்பதில் அழைக்கும் பெயரும் இருக்கை எண்ணும் மட்டும். 'நான் திருநங்கை. ஆவணத்தில் உள்ள பெயர் இது, என்னை அழைக்க வேண்டிய பெயர் இது. ஆவணப் பெயரை யாரிடமும் வாசிக்க வேண்டாம்' என்று நான்கு வரி எழுதினால் போதும். பதிலில் தயக்கம் தெரிந்தால் அந்த நிறுவனம் வேண்டாம். அறை கொடுக்க மறுப்பதும் சேவை தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டுத் திருநர் சட்டப்படி தவறு. ஆனால் பயண நடுவில் சட்டம் பேசி ஜெயிப்பதைவிட, வீட்டிலிருந்தபடியே நல்ல ஆளைத் தேர்ந்தெடுப்பது எளிது.

வெளிநாட்டவர் தங்கினால் விடுதி 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு விவரம் பதிய வேண்டும், கடவுச்சீட்டைக் காட்டாமல் தப்ப முடியாது. கடவுச்சீட்டின் முதல் பக்கம், விசா அல்லது ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இரண்டின் நகலையும் விடுதிக்கு ஒரு தொகுப்பு என்று முன்பே எடுத்து வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். வரவேற்பு மேசையில் எல்லார் முன்னிலையிலும் நின்று விளக்கம் சொல்லும் நிலை வராது.

ராமேஸ்வரத்துக்குத்தான் அதிகம் தயாராக வேண்டும். அக்னி தீர்த்தக் கடலில் முழுகிவிட்டு ஈரத்தோடு கோயிலுக்குள் போனால், 22 தீர்த்தங்களிலும் வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவார்கள். விக் ஒட்டும் பசை இதைத் தாங்காது. பஞ்சு வைத்த உள்ளாடை தண்ணீரை இழுத்துக் கனத்துத் தொங்கும், சிலிக்கான் செயற்கை மார்பு வழுக்கும். வெளிர் நிறப் புடவை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஒரு சுற்று பெரிய, அடர்நிறப் பருத்திச் சுடிதாரும் ஊக்கு குத்திய துப்பட்டாவும்தான் பத்திரம். சிலிக்கான் வைப்பவர்கள் அதற்கென்று உறை தைத்த உள்ளாடை அணியுங்கள். தீர்த்தமாடியபின் உலர்ந்த உடை மாற்றினால்தான் சுவாமி தரிசனம். உடை மாற்றும் இடத்தில் நெரிசல், மறைவு போதாது. பல குழுக்கள் தீர்த்தத்துக்குக் கிளம்பும்போதே அறைகளைக் காலி செய்துவிடுவார்கள். கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் அறையையாவது மதியம் வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். அறுவைச் சிகிச்சைக் காயம் ஆறாதவர்கள் கடலிலும் கிணற்று நீரிலும் நனைய வேண்டாம், தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கைபேசி கூடாது. அடையாள அட்டையைக் கைபேசியில் மட்டும் வைத்திருப்பவர் வாசல் சோதனையில் கையைப் பிசைய வேண்டியிருக்கும், காகித நகல் ஒன்று இடுப்புப் பையில் இருக்கட்டும். கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். 'ஆம்பளைங்க இந்தப் பக்கம்' என்று வழிகாட்டி கைகாட்டும்போது உங்களைப் பார்க்காமலிருக்க, முதல் நாள் இரவே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

மருந்தை மறக்கக் கூடாது. பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கான மாத்திரை, மருத்துவர் சீட்டோடு, அசல் அட்டையிலேயே, கைப்பையில் இருக்க வேண்டும். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்கள் இளநீரில் நிதானம் காட்டுங்கள். அந்த மாத்திரை உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும், இளநீரிலோ 100 மில்லிக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நிறுத்துமிடமெல்லாம் ஒரு காய் வெட்டிக் குடிப்பது நல்லதல்ல. சிறுநீரும் அடிக்கடி வரும், பேருந்து இரண்டரை மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடும். மாத்திரை நேரத்தை இரவுக்கு மாற்றலாமா என்று புறப்படும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துச் சமாளிக்கப் பார்ப்பது இந்த வெயிலில் மயக்கத்தில் கொண்டுபோய் விடும். நெடுஞ்சாலை உணவகங்களில் பெண்கள் கழிப்பறைக்குக் குழுவின் இரண்டு பெண்களோடு சேர்ந்தே போங்கள். வாசலில் காசு வாங்கும் அம்மா கூட்டத்தோடு வருபவரை நிறுத்திக் கேட்பதில்லை.

சுங்கச்சாவடிகளில் உள்ளூர்த் திருநங்கைகள் பேருந்தருகே வந்து காசு கேட்பார்கள். குழுவில் சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். மூத்தவராகத் தெரிந்தால், திருநங்கைகள் மூத்தவரிடம் சொல்லும் வணக்கமான 'பாம்படுத்தி' சொல்லி வணங்குங்கள், உங்களால் முடிந்ததைக் கையில் கொடுத்து எந்த ஊர் என்று கேளுங்கள். அவசரத்துக்கு அந்த ஊரில் நம்பிக்கையான மருத்துவர் யார், எந்தத் தெருவில் இரவில் நடக்கக் கூடாது என்பதெல்லாம் வழிகாட்டியைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.