ஸ்பானிய வகுப்பில் சுவரொட்டியா, வடிவமைப்புச் சிந்தனையா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஸ்பானிய வகுப்பில் ஒரு பாடப்பகுதி முடிந்ததும் மாணவர்கள் செய்வதற்கு இரு வகைப் பணிகள் உண்டு. ஒன்று, ஸ்பானிய மொழி வழங்கும் நாடொன்றைப் பற்றிச் சுவரொட்டி தயாரித்து, அதைக் காட்டிப் பேசுவது. மற்றொன்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு நிறுவனமான டி.ஸ்கூல் பரப்பிய 'டிசைன் திங்கிங்' என்னும் வடிவமைப்புச் சிந்தனை: ஒருவரின் தேவையைக் கேட்டறிந்து, சிக்கலை வரையறுத்து, யோசனைகளைக் குவித்து, மாதிரி செய்து, அதைச் சோதிப்பது.

பெருவின் தலைநகர் லீமா என்று முதலாண்டு மாணவரும் எழுதிவிடலாம் என்பதே சுவரொட்டியின் பலம். ஆனால் மனப்பாடம் செய்த உரையில் எதிர்பாராத கேள்விக்கு இடமில்லை.

வடிவமைப்புச் சிந்தனைக்கு, சக மாணவரின் புத்தகப்பையை மாற்றியமைக்கும் பணியை எடுத்துக்கொள்வோம். பை கடைசியாக எப்போது தொல்லை தந்தது என்று கேட்டால், மழை பெய்துகொண்டிருந்தது, வார் அறுந்தது என்ற விடைக்கு நடந்துகொண்டிருந்ததற்கு ஒன்றும் நடந்து முடிந்ததற்கு ஒன்றுமாக ஸ்பானியத்தின் இரண்டு இறந்தகால வடிவங்கள் தேவைப்படுகின்றன. தமிழர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. வரையறுக்கும் படியில் இலக்கணம் இன்னும் நுட்பமாகிறது. கையிலுள்ள பை கனக்கவில்லை என்றால் 'நோ பெசா'; கனக்காத பை ஒன்றைத் தேடுகிறார் என்றால் 'நோ பெசே'. இன்னும் கையில் வராத பொருளைப் பற்றிப் பேசும்போது வினை உருமாறுவதற்கான காரணம், பயிற்சித்தாளில் கோடிட்ட இடங்களை நிரப்பும்போது விளங்குவதைவிட இங்கே தெளிவாக விளங்குகிறது.

இம்முறை சறுக்குவது மாதிரி செய்யும் படியில்தான். அட்டையும் கத்தரிக்கோலும் கைக்கு வந்தவுடன் ஸ்பானியம் ஒதுங்கி ஆங்கிலம் புகுந்துவிடுகிறது. வகுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கற்கும் மொழியே ஒலிக்க வேண்டும் என்று ஆக்ட்ஃபுல் என்னும் மொழியாசிரியர் அமைப்பு 2010இல் பரிந்துரைத்திருக்க, இரண்டு நாள் அட்டை வெட்டுவதை நியாயப்படுத்துவது கடினம். பதினைந்து நிமிடத்தில் வரைந்த படமே போதும் என்பது என் கருத்து. மிஞ்சும் நேரத்தை நேர்காணலுக்கும், 'பையில் ஒரு சிறு அறை கூடுதலாக இருந்தால் நன்றாயிருக்கும்' என்பது போன்ற பின்னூட்டத்துக்கும் ஒதுக்கலாம்.

முதலாண்டுக்குச் சுவரொட்டியையே நான் தேர்வேன், பார்ப்பவர்கள் கேள்வி கேட்டாக வேண்டும் என்ற நிபந்தனையுடன். இரண்டாமாண்டின் பிற்பகுதியிலிருந்து வடிவமைப்புப் பணிக்கு மாறலாம். அப்போதும் மதிப்பெண் பையின் அழகுக்கன்று, நேர்காணலின் ஒலிப்பதிவுக்கே.