ராஸ்முசன் மூளையழற்சிக்கான சிகிச்சை: ஒரு வலிப்பு மையத்தின் சேவை குறித்த மதிப்புரை

ராஸ்முசன் மூளையழற்சி என்னும் அரிய நோய்க்காக என் தங்கையின் மகளுக்குத் தென்னிந்தியாவிலுள்ள ஓர் உயர்சிறப்பு வலிப்பு மையத்தில் முதலில் மருந்துச் சிகிச்சையும், பின்னர் மூளை அறுவைச் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. தாய்மாமன் என்ற முறையில் பெரும்பாலான நாட்கள் உடனிருந்தவன் நான். அந்தச் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இந்நோய் மிகச் சிலருக்கே வருவதால், மையத்தின் பெயரையோ ஊரையோ சொன்னால் குழந்தை யாரென்று எளிதில் தெரிந்துவிடும். ஆகவே இரண்டையும் தவிர்த்திருக்கிறேன். எந்த மையத்துக்குச் செல்லும் பெற்றோருக்கும் எதைக் கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்கலாம் என்பது தெரிந்திருந்தால் நல்லது என்பதே என் எண்ணம்.

நோயைப் பற்றி ஓரளவு சொல்லாமல் சேவையை மதிப்பிட முடியாது. கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் அறுவை மருத்துவராக இருந்த தியோடர் ராஸ்முசன், 1958-ஆம் ஆண்டில் தம் சக மருத்துவர்கள் இருவருடன் சேர்ந்து, மூளையில் நாள்பட்ட அழற்சி ஏற்பட்டு அதனால் வலிப்புக்கு ஆளான மூன்று நோயாளிகளைப் பற்றி முதன்முதலாக எழுதினார். பெரும்பாலும் குழந்தைகளையே இது தாக்குகிறது. ஆறு வயதையொட்டித் தொடங்குவதே மிகுதி. ஜெர்மனியில் எடுத்த கணக்கின்படி, 18 வயதுக்குட்பட்ட ஒரு கோடிப் பேரில் ஆண்டுக்கு 2.4 பேருக்கே இது புதிதாக வருகிறது. அழற்சி மூளையின் ஒரு பாதியில் தொடங்கி, அந்தப் பாதிக்குள்ளேயே பரவி, திசுவைச் சிறிது சிறிதாகச் சுருங்கச் செய்கிறது. மறுபாதி ஏறத்தாழ எப்போதும் தப்பிவிடுகிறது. ஏன் ஒரு பாதி மட்டும் என்ற கேள்விக்கு மருத்துவ உலகில் இன்னும் விடை இல்லை.

எங்கள் குழந்தைக்கு இடது பாதியில் நோய். வலது கை விரல்களும் வாயின் வலது ஓரமும் இடைவிடாமல் துடித்துக்கொண்டிருந்தன. உறக்கத்திலும் அத்துடிப்பு முழுமையாக நிற்கவில்லை. ஊரில் முதலில் பார்த்த இடத்தில் இதைக் குழந்தையின் பழக்கம் என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். பின்னர் பெரிய ஃபிட்ஸ் வந்தபோதுதான் ஸ்கேன் எடுக்கப்பட்டது. அதிலும் முதல் படத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. இந்நோயில் தொடக்க கால எம்.ஆர்.ஐ. படம் இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதையும், சில மாத இடைவெளியில் எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் சுருக்கம் புலப்படும் என்பதையும் மையத்துக்குச் சென்ற பிறகே அறிந்தோம்.

மையத்தில் என்னை முதலில் கவர்ந்தது அவர்களுடைய பொறுமையான நோயறியும் முறை. குழந்தையை வீடியோ இ.இ.ஜி. (மூளையின் மின்துடிப்பைக் காணொளியோடு சேர்த்துப் பதிவு செய்யும் சோதனை) பிரிவில் சேர்த்து, தலையில் மின்முனைகளை ஒட்டி, இரவும் பகலும் படம்பிடித்தார்கள். விரல் துடிக்கும்போது இ.இ.ஜி. வரைபடத்தில் அதற்கேற்ற அலை தெரியாமலும் போகலாம்; மூளையின் மிகச் சிறிய பகுதியிலிருந்து எழும் மின்துடிப்பு மண்டையோட்டைத் தாண்டி வெளியே பதிவாகாது. இதை முன்கூட்டியே சொல்லி, தொலைபேசியில் நாங்கள் எடுத்துவைத்திருந்த காணொளிகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். பிறவியிலேயே மூளை அடுக்கு தவறாக அமைந்திருப்பது, பக்கவாதம், மைட்டோகாண்ட்ரியா (உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) கோளாறு, உடலின் நோயெதிர்ப்பே உடலைத் தாக்கும் வேறு வகைத் தன்னெதிர்ப்பு அழற்சிகள் என ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கினார்கள். மைட்டோகாண்ட்ரியா கோளாறுகளில் ஒரு வகை இருந்தால், வலிப்புக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் வால்புரோயேட் மருந்து கல்லீரலையே செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே அந்த முடிவு வரும்வரை அம்மருந்தைத் தொடவே இல்லை. ஐரோப்பிய வல்லுநர்கள் 2005-இல் வகுத்த அளவுகோலின்படி, ஒருபக்க வலிப்பும் பலவீனமும், இ.இ.ஜி.யில் அதே பக்க மாற்றம், எம்.ஆர்.ஐ.யில் அதே பக்கச் சுருக்கம் ஆகியவை சேர்ந்து அமைந்தால் மூளைத் திசுவை எடுத்துப் பார்க்காமலே நோயை உறுதி செய்யலாம். எங்களுக்கும் அவ்வாறே உறுதியாயிற்று.

நோய்க்கான காரணத்தை விளக்கிய விதத்துக்காக மையத்தின் நரம்பியல் மருத்துவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். தடுப்பூசியால் வந்ததா, கருவுற்றிருந்தபோது தாய் செய்த ஏதோ ஒன்றால் வந்ததா என்றெல்லாம் உறவினர்கள் பேசி, என் தங்கையை நொறுக்கியிருந்தார்கள். இது பரம்பரையாக வருவதன்று, ஒட்டிக்கொள்வதன்று, தாயின் செயலால் நேர்ந்ததும் அன்று என்று மருத்துவர் குடும்பத்தார் அனைவர் முன்னிலையிலும் அழுத்தமாகச் சொன்னார். உடலைக் காக்க வேண்டிய சிடி8 வகை டி அணுக்கள் (வெள்ளை ரத்த அணுக்களில் ஒரு வகை) நரம்பணுக்களை ஒட்டி நின்று, கிரான்சைம் பி என்ற நொதியைச் செலுத்தி அவற்றை அழிக்கின்றன என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். அவற்றை முதலில் தூண்டிவிடுவது எது என்பது மட்டும் புலப்படவில்லை. வைரஸ் என்று பல காலம் தேடியும் நிலையான சான்று கிடைக்கவில்லை. 1994-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், குளூஆர்3 என்னும் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் உண்டாக்கப்பட்ட முயல்களுக்கு வலிப்பு வந்ததைக் கண்டு, அதுவே காரணமாக இருக்கலாம் என்றார்கள். பின்னர் அந்த எதிர்ப்பொருள் பல ராஸ்முசன் நோயாளிகளிடம் இல்லாமலும், வேறு வலிப்பு நோயாளிகள் சிலரிடம் இருந்தும் காணப்பட்டதால் அக்கருத்து வலுவிழந்தது. இவ்வளவையும் ஒரு தாய்க்குச் சொல்ல வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். சொல்லத்தான் வேண்டும், என் தங்கை குற்ற உணர்விலிருந்து மீண்டது அந்த உரையாடலுக்குப் பிறகுதான்.

மருந்துச் சிகிச்சையைப் பொறுத்தவரை மையம் பெரிய நம்பிக்கை எதையும் விற்கவில்லை. வலிப்பு மாத்திரைகள் பெரிய வலிப்புகளைக் குறைக்கும், விரல் துடிப்பை அநேகமாக நிறுத்தாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஸ்டீராய்டும், ரத்தக் குழாய் வழியாக இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருள் புரதமும் கொடுக்கப்பட்டன. துடிப்பு சில வாரம் தணிந்து மீண்டும் வந்தது. வலது கையின் பிடி தளர்ந்துகொண்டே போயிற்று. நோயெதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தைப் பற்றிக் கேட்டபோது கிடைத்த பதில்தான் இந்த மையத்தின் மீது எனக்கு முழு மதிப்பை உண்டாக்கியது. இத்தகைய மருந்துகள் மூளைத் திசு அழிவதை மெதுவாக்கக்கூடும் என்று 2013-இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வு காட்டுகிறது. ஆனால் கட்டுக்கடங்காத வலிப்பை அவை அடக்குவதில்லை. அதனால் கை கால் ஓரளவு இயங்கிக்கொண்டிருக்க, வலிப்போ ஓயாமலிருக்க, அறுவைச் சிகிச்சைக்கும் மனம் ஒப்பாமல், வலிப்போடு வாழவும் முடியாமல் ஒரு குழந்தை ஆண்டுக்கணக்கில் நடுவில் மாட்டிக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். மருந்தின் வெற்றியே ஒரு சிக்கலை உண்டாக்கக்கூடும் என்பதை இவ்வளவு தெளிவாக எங்களுக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

அறுவைச் சிகிச்சை என்பது நோயுற்ற பாதியை மற்றப் பாதியிலிருந்தும் உடலிலிருந்தும் துண்டிப்பது. பாதி மூளையை எடுத்துவிடுவார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டதை முதலில் திருத்தினார்கள். 1950-களில் உண்மையாகவே முழுப் பாதியும் அகற்றப்பட்டது. வலிப்பு நின்றது, ஆனால் வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் ரத்தம் கசிந்து, பல ஆண்டுகளுக்குப் பின் சிலரது உயிரைப் பறித்தது. அந்தக் குறையைக் கண்டு, திசுவின் பெரும்பகுதியை ரத்த ஓட்டத்தோடு உள்ளேயே விட்டு, இணைப்புகளை மட்டும் துண்டிக்கும் முறையை வகுத்தவரும் ராஸ்முசனே. இன்று செய்யப்படும் ஹெமிஸ்பெரோடமி அதன் வளர்ச்சி. சுவரை இடிக்காமல் மின்கம்பிகளை மட்டும் துண்டிப்பதைப் போன்றது என்று அறுவை மருத்துவர் விளக்கினார்.

இழப்புகளையும் ஒளிக்கவில்லை. வலது கை விரல்களின் நுண்ணிய அசைவு திரும்பாது. இரு கண்களிலும் வலப்பக்கப் பார்வை போய்விடும். நடை பெரும்பாலும் திரும்பும். பேச்சைக் குறித்துத்தான் நீண்ட விவாதம் நடந்தது, ஏனெனில் வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு மொழி பெரும்பாலும் இடது பாதியில்தான் இருக்கிறது. சிறு வயதில் வலது பாதி அப்பணியை ஏற்றுக்கொள்ள வல்லது என்றும், வயது ஏற ஏற அந்த ஆற்றல் குறைகிறது என்றும், நோயே மெல்ல மெல்ல மொழியை இடம்பெயர்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்றும் சொல்லி, மூளையின் எப்பகுதி எப்பணியைச் செய்கிறது என்று காட்டும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.யும் உளவியலாளரின் சோதனைகளும் செய்தார்கள். நரம்பியல், அறுவை, கதிர்ப்பட, உளவியல் மருத்துவர்கள் ஒன்றாகக் கூடி விவாதித்து, அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தனர். ஆயினும் இறுதிச் சொல்லைப் பெற்றோரிடமே விட்டார்கள். அவசரப்படுத்தவில்லை, ஆனால் காத்திருப்பதாலும் ஓர் இழப்பு உண்டு என்பதை மறக்கவும் விடவில்லை. இந்தச் சமநிலையைத்தான் நான் நல்ல சேவை என்பேன்.

அறுவைச் சிகிச்சை நீண்ட நேரம் நடந்தது. ரத்தம் தேவைப்படும் என்று முன்பே சொல்லியிருந்ததால் உறவினர்கள் கொடுத்துவைத்திருந்தோம். அதன்பின் சில நாள் காய்ச்சல் அடித்தது. கிருமியால் வருவதா, மூளையறைகளில் கசிந்த ரத்தத்தின் எரிச்சலால் வருவதா என்று முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்து, பிந்தியதே என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்கள் பேச்சிழந்து கிடந்த குழந்தையிடம் ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லிப் பேசியபடியே வேலை செய்தார்கள். கடிதம் எழுதியும் நன்றி தெரிவித்தோம்.

குறைகளும் உண்டு. படுக்கைக்கான காத்திருப்புப் பட்டியல் நீளமானது. இந்த நோயில் ஒவ்வொரு மாதமும் கணக்கில் வருவதால், பொதுப் பட்டியலில் வைக்காமல் தனியாகக் கருதியிருக்க வேண்டும். ஒப்புதல் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. மருத்துவர் வாயால் தமிழில் அவ்வளவு நன்றாகச் சொன்னதை, என் தங்கை தான் படித்தறிய முடியாத ஒரு தாளில் கையொப்பமிட்டு ஏற்க வேண்டியிருந்தது. தமிழ் நோயாளிகள் இத்தனை பேர் வரும் இடத்தில் ஒரு மொழிபெயர்ப்புப் படிவம் வைப்பது பெரிய செலவன்று.

இவற்றைவிடப் பெரிய குறை மறுவாழ்வுச் சேவையில் இருந்தது. வார்டில் இருந்தவரை பிசியோதெரபி முறையாக நடந்தது. வீடு திரும்பும் நாளில் ஒரு பக்கப் பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். பேச்சுப் பயிற்சிக்கு யாரிடம் செல்வது, கணுக்காலைத் தாங்கும் பட்டையை எங்கே அளவெடுத்துச் செய்வது, பள்ளியில் என்ன சொல்வது என்பவை எல்லாம் எங்கள் பொறுப்பாயின. வலப்பக்கப் பார்வை இல்லாத குழந்தையை வகுப்பின் வலது ஓரத்தில் அமர்த்தினால்தான் கரும்பலகையும் ஆசிரியரும் அவள் பார்வைக்குள் வருவார்கள் என்ற எளிய செய்தியைக்கூட ஊரிலுள்ள ஒரு சிறப்பாசிரியரிடமிருந்துதான் தெரிந்துகொண்டோம். மையத்தின் சமூகப் பணியாளர் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான ஆவணங்களை மட்டும் ஒழுங்காகத் தயாரித்துத் தந்தார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் இதுவரை வலிப்பு வரவில்லை. மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துவருகிறார்கள். சொன்னதைப் புரிந்துகொள்வது முதலில் திரும்பியது. பின்னர் தனிச் சொற்கள், இப்போது சிறு வாக்கியங்கள். பட்டை அணிந்து நடக்கிறாள், இடக்கையால் எழுதப் பழகுகிறாள். மூளையில் நீர் தேங்குவது இத்தகைய அறுவைச் சிகிச்சைக்குப் பின் தாமதமாகவும் வரக்கூடும் என்பதால் தலைவலி, வாந்தி, சோம்பல் எதையும் அலட்சியப்படுத்தக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார்கள். தொலைபேசியில் அழைத்தால் பதில் சொல்ல ஒரு செவிலியர் இருக்கிறார்.

நோயறிதலுக்கும், அறுவைச் சிகிச்சை குறித்த முடிவெடுப்பதற்கும் இம்மையத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். மறுவாழ்வுக்கு இதை மட்டும் நம்பியிருக்கச் சொல்லமாட்டேன். எந்த மையத்துக்குச் சென்றாலும், பழைய எம்.ஆர்.ஐ. படங்களின் குறுந்தகடுகளை அறிக்கையோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். துடிப்பைக் காணொளியாகத் தேதியுடன் பதிவு செய்துவையுங்கள். ஹெமிஸ்பெரோடமி அங்கே எத்தனை குழந்தைகளுக்குச் செய்யப்பட்டிருக்கிறது என்று நேரடியாகக் கேளுங்கள். அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தவுடனேயே, உங்கள் ஊரில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டையும் பேச்சுப் பயிற்சியாளரையும் பேசி வைத்துவிடுங்கள்.