குரைக்காத பிளக்கியும் பயப்படாத பிளக்கியும்

காலை ஆறேகாலுக்கு எங்கள் ஒழுங்கை முனையில் பாண் விற்கும் ஆட்டோ திரும்பும். அது போட்டுக்கொண்டு வரும் பீத்தோவனின் மெட்டு காதில் விழத் தொடங்கும்போதே பிளக்கியின் முதுகு மயிர் சிலிர்த்து நிற்கும். கேற்றில் முன்கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு, ஆட்டோ போய்ப் பத்து நிமிடமான பிறகும் குரைத்துக்கொண்டிருப்பான். திருகோணமலை உவர்மலையில் எங்கள் நாயின் இந்தக் குரைப்புக்கு வழி சொல்லாத ஆள் கிடையாது. ஒருவர் அடிக்கச் சொன்னார், ஒருவர் சனத்துக்குள் கொண்டுபோய்ப் பழக்கச் சொன்னார், ஒருவர் கட்டிப்போடச் சொன்னார், இன்னொருவர் குளிசை கொடுக்கச் சொன்னார். இணையத்தில் பார்த்தால் கோழி ஈரல் கொடு என்கிறார்கள். ஒன்றரை வருடத்தில் இதில் முக்கால்வாசியைச் செய்து பார்த்தாயிற்று.

பிளக்கி சொல்வழி கேளாத நாய் அல்ல. "இரு" என்றால் இருப்பான். சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டு "பொறு" என்றால் வீணீர் வடிய வடியப் பொறுப்பான். அதெல்லாம் குசினிக்குள். பாண் ஆட்டோ வரும் நேரம் அதே "இரு"வைத் தொண்டை கிழியக் கத்தினாலும் ஏறாது. உடம்பு பாயவோ ஓடவோ ஆயத்தமாகிவிட்டால் படித்த பாடம் வெளியே வராது. அதனால் குரைப்பு நின்றதா என்று பார்ப்பதைக் கைவிட்டேன். ஆட்டோ போகும்போது என் கையிலிருக்கும் ஈரலைத் தின்கிறானா? எல்லா வழிக்கும் இந்த ஒரே அளவுகோல்தான். நன்றாகப் பயந்துபோன நாய், எவ்வளவு பசியிருந்தாலும் மூக்கைத் திருப்பிக்கொள்ளும்.

அடிப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஊரில் அதிகம் கேட்ட ஆலோசனை அதுதான். "தம்பி, ஒருக்கா நல்லாப் போட்டு விடும், பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டு கிடப்பான்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. கம்பெடுக்க மனம் வரவில்லை. இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின் வாங்கி, குரைக்கும்போதெல்லாம் சுண்டி இழுத்தேன். மூன்றாம் நாளே குரைப்பு நின்றது, மறைக்க ஒன்றுமில்லை. வேகம் என்று பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனால் காது தலையோடு ஒட்டிக் கிடந்தது, கண்ணின் வெள்ளை தெரிந்தது, நாக்கு மூக்கை நக்கிக்கொண்டேயிருந்தது. ஈரலை மணந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த கிழமை பாண்காரர் மிச்சக் காசு தரக் கேற்றுக்கு மேலால் கையை நீட்டினார். ஓர் உறுமல்கூட இல்லாமல் சட்டைக் கையைக் கவ்விவிட்டான். உறுமல் என்பது நாய் தருகிற எச்சரிக்கை. அதற்குத் தண்டனை கொடுத்து நிறுத்தியது நான்தான். அவன் கணக்கில், ஆட்டோ வந்தால் சத்தத்தோடு கழுத்து நோவும் சேர்ந்தே வரும் என்றாகிவிட்டது.

"நீதான் தலைவன் என்று காட்ட வேணும்" என்ற பேச்சும் இதோடு ஒட்டிக்கொண்டே வரும். அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்துப் பிறந்த கதை அது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச்சே 1999இல், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான் என்று எழுதித் திருத்தினார். மின்சார அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டியை வேல்ஸ் 2010இலேயே தடை செய்துவிட்டது. அமெரிக்காவின் மிருகவைத்திய நடத்தையியல் சங்கம், வெகுமதி கொடுத்துப் பழக்கும் முறையையே பாவிக்க வேண்டும் என்று 2021இல் அறிக்கை விட்டது. மாமாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "வெள்ளைக்காரன்ர நாய்க்கு அது சரி" என்றார்.

சனத்துக்குள் கொண்டுபோகும் வழியில் ஏமாந்தது இன்னும் மோசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டச்பே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டம் விடுகிற பிள்ளைகள், கடலை வண்டி, பந்து. கால்மணி நேரம் துள்ளினான், பிறகு அசையாமல் மணலில் படுத்துவிட்டான். பழகிவிட்டான் என்று நினைத்து வீடியோவும் எடுத்தேன். இப்போது அதைப் போட்டுப் பார்த்தால் தெரிகிறது: வாய் இறுகி மூடியிருக்கிறது, எச்சில் ஒழுகுகிறது, அடிக்கடி கொட்டாவி விடுகிறான். அடுத்த நாள் கேற்றைத் திறந்தும் வெளியே கால் வைக்கவில்லை. தப்ப முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு தப்ப வழியிருந்தும் பெரும்பாலும் அசையாமல் கிடந்ததை செலிக்மன், மேயர் என்ற உளவியலாளர்கள் 1967இல் கண்டார்கள். நான் எடுத்த வீடியோவில் இருப்பதும் அந்த மாதிரிக் கிடைதான். சந்தை, தேர்த் திருவிழா, கோணேசர் கோயில் வீதி என்று இதையே பெரிதாகச் செய்பவர்களை நினைத்தால் நாய்மேல் இரக்கமாயிருக்கிறது.

கட்டிப்போடுவதில் பாதி சரி. கேற்றுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டினால் போகிற வருகிற எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வெறி ஏறும். கேற்றுக் கம்பியின் கீழ்ப்பாதிக்குத் தகரம் அடித்ததும், ஆறு மணிக்கே பின் அறைக்குள் விட்டு வானொலியைப் போட்டதும் உடனே பலன் தந்தன. ஒன்றும் படிக்கவில்லைதான். ஆனால் தினமும் குரைத்துக் குரைத்து அந்தப் பழக்கம் ஊறிப்போவது நின்றது. மற்ற வேலையைத் தொடங்க இந்த இடைவெளி கட்டாயம் தேவை.

இனி ஈரல். இந்த முறைக்கு வயது நூறு ஆகிவிட்டது, முதலில் செய்து பார்த்தது நாயில் அல்ல. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சின்னப் பையனுக்கு, அவன் சாப்பிடும் நேரத்தில் முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கிட்டக் கொண்டுவந்து பயத்தைத் தீர்த்தார். பயமூட்டுவது சிறிதாக வரவேண்டும், அதன் பின்னாலேயே நல்லது வரவேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

பாண் ஆட்டோ மெட்டைத் தொலைபேசியில் பதிந்தேன். காதோடு வைத்தால்தான் கேட்கும் என்ற அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து, பின் அறையில் போட்டேன். மெட்டு வந்தால் ஈரல், நின்றால் ஈரலும் நிற்கும். உப்பில்லாமல் அவித்து, கடலைப் பருப்பளவு வெட்டிய துண்டு. கருவாடு மலிவு என்று அக்கா சொன்னார், அதிலுள்ள உப்பு நாய்க்கு ஆகாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை.

பிழை விட்ட இடத்தையும் சொல்கிறேன். முதல் நாட்களில் ஆட்டோ வருமுன்பே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஈரல் பெட்டியை எடுத்துவிடுவேன். நாலாம் நாள், பெட்டி மூடி "டக்" என்றதும் பிளக்கி நடுங்கத் தொடங்கினான். ஈரல் வந்தால் ஆட்டோ வரும் என்று படித்துவிட்டான்! வரிசை தலைகீழ். சத்தம் முதலில், ஓர் இமைப்பொழுது கழித்துத்தான் கை பெட்டிக்குப் போகவேண்டும். இரண்டாம் கிழமை அவசரப்பட்டுச் சத்தத்தைக் கூட்டினேன், பழையபடி குரைப்பு. பிறகு ஒரு கிழமை பின்னோக்கிப் போனோம். உண்மை ஆட்டோவுக்கு வளவின் கடைசியில் கிணற்றடியில் நின்றோம். ஈரலைத் தின்றால் அடுத்த நாள் ஓர் அடி முன்னே, தின்னாவிட்டால் இரண்டு அடி பின்னே. மூன்று மாதம் எடுத்தது. வேகத்தில் இதுதான் கடைசி, மறுக்கவில்லை.

நம் ஊரில் இதற்கு ஒரு பெரிய இடைஞ்சல் தெருநாய்கள். வெளிநாட்டுக் காணொளிகளில் எதிரே வரும் நாய் எப்போதும் கயிற்றில் வரும், தூரத்தை நாம் தீர்மானிக்கலாம். உட்துறைமுக வீதியில் மூன்று நாய் சேர்ந்து ஓடி வந்தால் அளவுகோலாவது மண்ணாவது. ஒரு பிடி பிஸ்கற்றை அவற்றுக்கு முன்னால் எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் நடப்பேன். குடையொன்றும் கையில் இருக்கும்.

மான்களையும் சொல்ல வேண்டும். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மானைக் கண்டாலும் பிளக்கி கயிறு அறுகிற மாதிரி இழுப்பான். ஆனால் அங்கே குரைப்பில்லை, வால் நிமிர்ந்திருக்கும், உடம்பு முழுக்க முன்னால் சாயும். அது பயமல்ல, துரத்தும் ஆசை. இதற்கு நீளக் கயிறும், வீட்டுக்குள் ஆயிரம் தடவை பழக்கிய "வா"வும்தான் சரி. சொல்வழி கேட்கும் பயிற்சி பெயர் எடுப்பது இங்கேதான். எல்லா இழுவையையும் ஒரே கணக்கில் போட்டதால்தான் முதல் ஆறு மாதம் வீணாயிற்று.

கழுத்துக்கு என்ன மாட்டுவது என்பதில் யோசிக்க அதிகமில்லை: நெஞ்சில் கொளுவி உள்ள, உடம்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் பட்டி. சோக் செயின் இப்போது கிணற்று வாளியில் தொங்குகிறது.

குளிசை பற்றி இரண்டு வார்த்தை. வெடி கொளுத்தும் நாளில் தடிமன் குளிசை கொடுத்து நித்திரையாக்குவது இங்கே சகஜம். உடம்பு சோர்ந்தாலும் பயம் உள்ளே அப்படியே இருக்கலாம். பதகளிப்புக்கென்றே மருந்து உண்டு. தனித்து விடப்படும்போது பதறும் நாய்களுக்கு, பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்க ஃபுளுஒக்செட்டினை அமெரிக்கா 2007இல் அனுமதித்தது. அது வேலை செய்யக் கிழமைக்கணக்காகும், மிருக வைத்தியர் பார்த்துத்தான் எழுதவேண்டும். எவ்வளவு தூரத்தில் நின்றாலும் தின்னாத நாய்க்கு மருந்தைத் தள்ளிப்போடுவது வீண் பிடிவாதம் என்பது என் எண்ணம். எந்த வழியானாலும் முதலில் வைத்தியரிடம் போங்கள். பிளக்கியின் சீற்றத்தில் ஒரு பங்கு இடக்காதுக்குள் இருந்த புண். அதை யாரும், நானும்தான், பார்க்கவில்லை.

ஐப்பசி இடிக்கு இன்னும் கட்டிலுக்கடியில்தான் கிடக்கிறான், மெட்டுக்குச் செய்ததை இடிக்குச் செய்ய முடியவில்லை. பாண் ஆட்டோவுக்கு இப்போது காது நிமிரும், ஒரு "வுஃப்", உடனே என் கையைப் பார்ப்பான். தினமும் ஆறேகாலுக்குக் கேற்றடியில் பெட்டியோடு நிற்கிற என்னைப் பார்த்துப் பாண்காரரும் ஆட்டோவை நிறுத்திவிடுகிறார். வெறுங்கையோடு அனுப்ப வெட்கமாயிருக்கிறது. வீட்டில் மாலு பணிஸ் தின்ன ஆளில்லாமல் மிஞ்சுகிறது.