20 நானோமீட்டர் சிட்ரேட் வெள்ளி: ஈ.கோலைக்கு ஓரளவு போதும், செல் வளர்ப்புக்குப் போதாது

சிக்மா-ஆல்ட்ரிச் விற்கும் இந்த நானோ வெள்ளிக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 0.02 மில்லிகிராம் வெள்ளி. துகள்கள் திரளாமலிருக்க சோடியம் சிட்ரேட். எண்ணிக்கையில் பார்த்தால் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 45,000 கோடி துகள்கள். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் வாங்குபவர் கவனிக்க வேண்டியது அந்த 0.02-ஐத்தான்.

அது 20 மைக்ரோகிராம். எம்.ஐ.சி. (பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) பார்க்க, பாக்டீரியா வளர்க்கும் இரட்டைச் செறிவு முல்லர்-ஹின்டன் குழம்போடு சமபங்கு கலந்தாலே சோதனைத் தட்டின் முதல் குழியில் 10 ஆகிவிடும். பாக்டீரியாவையும் சமபங்கு ஊற்றினால் 5. குழம்பிலுள்ள குளோரைடும் கந்தக அமினோ அமிலங்களும் வெள்ளி அயனியைப் பிடித்துக்கொள்வதால், அந்த அளவில் ஈ.கோலை பாக்டீரியா செழிப்பாக வளர்ந்தால் வியப்பில்லை. அதை வைத்து 'துகளுக்கு வீரியமில்லை' என்று எழுதிவிடக் கூடாது. குளோரைடு இல்லாத, சத்துக் குறைந்த ஊடகத்தில் சிறிது நேரம் வைத்து, சோடியம் தயோகிளைகோலேட்டால் வெள்ளியை முடக்கிய பிறகு அகாரில் பரப்பி எண்ணுங்கள். முடக்காவிட்டால் ஒட்டிவரும் வெள்ளி தட்டிலும் கொன்றுகொண்டே இருக்கும்.

செல் வளர்ப்பில் நிலைமை இன்னும் மோசம். 10 மைக்ரோகிராம் வேண்டுமென்று ஊடகத்தில் பாதிக்குப் பாதி ஊற்றினால் உப்புச் செறிவும் பாதியாகும். செல்கள் ஊடுபரவலிலேயே வீங்கிச் சாகும், பழி வெள்ளியின் மேல் விழும். மொத்தக் கன அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காமலிருப்பது நல்லது. அப்படியானால் உச்ச அளவு 2 மைக்ரோகிராம்தான். பி.பி.எஸ்-இல் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) நேராக ஊற்றவே வேண்டாம்: உப்பில் சிட்ரேட்டின் காப்பு குலைந்து மஞ்சள் நிறம் சாம்பலாகும். சீரம் கலந்த ஊடகத்தில் புரதங்கள் துகளைப் போர்த்துவதால் ஓரளவு தாங்கும். அப்போது செல் சந்திப்பது சிட்ரேட் மேற்பரப்பை அல்ல, புரத மேற்பரப்பை.

புட்டி வந்ததும் அயனி நீக்கிய நீரில் ஐந்து மடங்கு நீர்த்து ஒளி உறிஞ்சல் நிறமாலை எடுங்கள். 400 நானோமீட்டரை ஒட்டி ஒற்றைக் கூர் உச்சி வர வேண்டும். 500-க்கு அப்பால் தோள் எழுந்தால் துகள்கள் திரண்டுவிட்டன. டி.எல்.எஸ். (ஒளிச் சிதறலை வைத்துத் துகள் அளவு காணும் முறை) தரும் அளவு 20-ஐவிடக் கூடுதலாக வருவது கோளாறல்ல, அது நீர்ப்போர்வையையும் சேர்த்தே அளக்கிறது. 4 டிகிரியில், இருட்டில் வையுங்கள். உறைந்தால் புட்டி வீண். ஆட்டோகிளேவும் (அழுத்த நீராவிக் கிருமிநீக்கம்) கூடாது.

நம்மூர் ஆய்வேடுகள் பலவற்றில் விடுபடுவது ஒப்பீட்டுக்கு வைக்கும் கட்டுப்பாட்டுக் குழிகள். ஆக்சிஜன் இல்லாத சூழலில் வெள்ளித் துகள் ஈ.கோலையைக் கொல்லவில்லை என்று ரைஸ் பல்கலைக்கழகத்தின் பெட்ரோ ஆல்வாரெஸ் குழு 2012-இல் காட்டியது. கொல்வது கரைந்து வரும் அயனி. திறந்த புட்டியில் அந்த அயனி நாள்பட ஏறும் என்பதால் பழைய புட்டி 'வீரியம் கூடியதாக'த் தோன்றும். துகளை நிறுத்தி அயனியை மட்டும் விடும் 3 கிலோடால்டன் வடிப்பானில் சென்ட்ரிஃப்யூஜ் செய்த வடிநீர், அதே அளவு வெள்ளி தரும் சில்வர் நைட்ரேட், வெறும் சிட்ரேட் நீர் ஆகிய மூன்றும் ஒவ்வொரு தட்டிலும் இருக்கட்டும்.

துகள் அளவை ஒப்பிடும் வேலைக்கும் நிறமாலை வேலைக்கும் தாராளமாக வாங்கலாம். எம்.ஐ.சி., செல் நச்சுத்தன்மை என்றால் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள பி.வி.பி. (பாலிவினைல் பைரோலிடோன் என்ற பாலிமர்) பூச்சு வெள்ளியைத் தேடுங்கள். அப்போது சிட்ரேட் நீருக்குப் பதில் வெறும் பி.வி.பி. கரைசல் குழியில் போக வேண்டும்.