வடிகட்டும் ஆலையா, மலைமேல் இருக்கும் விவசாயியா?

நியூயார்க் நகரத்துக்கு 1990களில் இரண்டு வழி இருந்தது: நகரத்துக்குக் குடிக்க வரும் கேட்ஸ்கில் மலைத் தண்ணீரை வடிகட்டப் பெரிய ஆலை கட்டுவது, இல்லையென்றால் தண்ணீர் புறப்படும் இடத்திலேயே அது கெடாமல் பார்த்துக்கொள்வது.

ஆலைக்கு அன்றைய மதிப்பீட்டில் பல நூறு கோடி டாலர், அப்புறம் வருடா வருடம் ஓட்டும் செலவு வேறு. ஆனால் எல்லாம் நகரத்தின் கையில், யாரையும் கெஞ்ச வேண்டாம்.

இரண்டாவது வழியில் செலவு குறைவு, பேச்சு அதிகம். நகரம் முதலில் கடுமையான விதிகளைத்தான் நீட்டியது. ஏற்கெனவே அணைகளுக்காக ஊர்களையே பறிகொடுத்திருந்த மலைக்காரர்கள் கொதித்துப்போனார்கள், கொதிக்கத்தானே செய்வார்கள்? பிறகு பேசிப் பேசி 1997இல் ஒப்பந்தம் வந்தது. மாடுகள் ஓடையில் இறங்கிச் சாணி போடாதபடி வேலி, அவை குடிக்கத் தனித் தொட்டி, வீடுகளில் பழுதான செப்டிக் டேங்க்கைச் சரிசெய்வது, எல்லாவற்றுக்கும் நகரம் பணம் தந்தது. பண்ணைத் திட்டத்தில் சேருவதும் சேராததும் விவசாயி விருப்பம், நிலத்தையும் விற்கச் சம்மதித்தவர்களிடம் மட்டுமே வாங்கினார்கள்.

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. அதே நகரத்துக்குத் தண்ணீர் தரும் இன்னொரு பகுதி குரோட்டன்; வீடுகள் பெருகிவிட்ட அந்தப் பகுதித் தண்ணீருக்கு ஆலைதான் கட்ட வேண்டிவந்தது, 2015இல் அது ஓடத் தொடங்கியது.