பறவை பார்க்கப் பணம் கட்டுவதற்கு முன் கடல் ஏறும் நேரத்தைக் கேளுங்கள்

மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் வலசைப் பறவை காட்டுகிறேன் என்று வாட்சப்பில் விளம்பரம் வந்தால், பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். கடந்த அக்டோபரில் நானும் அப்பாவும் ஏமாந்தோம். ஆளுக்கு 180 வெள்ளி (ரிங்கிட்), முழுத்தொகையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

"சனிக்கிழமைதோறும் காலை 7 மணி, தெலுக் ஆயர் தாவார் கடற்கரை, நார்ட்மன் பச்சைக்காலி நிச்சயம்" என்று போட்டிருந்தது. ரஷ்யாவின் தூரக்கிழக்கில் குஞ்சு பொரித்துத் தெற்கே வரும் பறவை அது, அழிந்துவரும் இனம். அதை எவராலும் நிச்சயமாகக் காட்ட முடியாது. ஆனால் அப்பா தோட்டத்தில் வளர்ந்தவர், சின்ன வயதிலிருந்தே உள்ளான், நாரை என்றால் உயிர். அவர் பிறந்தநாளுக்காகப் பதிவு செய்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது கடல் வற்றிக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சேறு. பறவைகள் எங்கோ தண்ணீர் ஓரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. தருவதாகச் சொன்ன தொலைநோக்கி வரவில்லை. பதினொரு பேருக்குப் பூஞ்சை பிடித்த ஒரே ஒரு பைனாகுலர்.

கடல் வற்றும்போது கரைப்பறவைகள் சேற்றில் பரவி மேயும். கடல் ஏற ஏற, தண்ணீர் அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அதனால் ஏற்றம் உச்சத்துக்கு வர ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு போய் நிற்க வேண்டும். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வாராவாரம் 7 மணி என்று சொல்கிறவர் கடலைப் பார்க்காமலே தேதி போடுகிறார். அன்றைக்கு உச்சம் பகல் 1 மணிக்கு. எங்களை அழைத்துப் போனவர் 10 மணிக்கே "நேரம் ஆச்சு, கிளம்பலாம்" என்றார்.

அதைவிட மோசம், கிளம்புமுன் அவர் ட்ரோன் பறக்கவிட்டது. மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து பறந்தது. சிலர் கைதட்டினார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, அடுத்த பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்க இறங்கியவை அவை. வீணாகப் பறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கொழுப்புதான் கரைகிறது. "சாப்பிட வந்ததுங்கள ஏன் தம்பி விரட்டுறீங்க?" என்று அப்பா கேட்டார். "வீடியோவுக்குத்தான் அங்கிள்" என்று சிரித்தார். எனக்குப் பணம் போனதைவிட அதுதான் இன்னும் ஆறவில்லை. பறவைகளைப் பாதுகாக்கும் பன்னாட்டு அமைப்பான பேர்ட்லைஃப் முக்கியப் பறவைப் பகுதி என்று அடையாளம் காட்டிய கடற்கரை அது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "இயற்கை நம்ம கையில இல்லக்கா" என்று ஒரு செய்தி, அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார். சுற்றுலா அமைச்சின் வழிகாட்டி உரிமம் இருக்கிறதா என்று நான் முன்பே கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள். ட்ரோன் விடுவார்களா, ஏற்றம் எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். ஏமாந்திருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம், வக்கீல் வேண்டாம். நான் பதிந்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை அப்பாவும் நானும் மட்டும் போனோம். அன்று ஏற்றம் மாலை நாலரைக்கு என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டு, இரண்டரைக்கே நிழல் தேடி உட்கார்ந்தோம். மேற்குப் பார்த்த கரை, வெயில் முகத்தில்தான் அடித்தது. மூன்றரைக்குள் பவளக்காலியும் மூக்கனும் கூட்டம் கூட்டமாகக் கிட்டத்தில் வந்து இறங்கின. அப்பா 212 வரை எண்ணினார்.